பாக்ஸ் அதிர வைத்த குரல்

எங்கள் மேனாம்பேட்டில் கல்யாணம் என்றால் முதலில் வந்து இறங்குவது மாப்பிள்ளை வீட்டார் இல்லை, மைக் செட். குழாய் ஸ்பீக்கர்கள், மர பாக்ஸ் ரெண்டு, ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு பெட்டி எல்லாம் காலையிலேயே மூன்று சக்கர வண்டியில் வந்துவிடும். முதல் பாட்டு சாமி பாட்டு என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று ஓடும், அதை யாரும் பாட்டென்று கணக்கில் சேர்ப்பதில்லை. செட்டுக்காரர் ஒயரெல்லாம் இழுத்து முடித்ததும் பெட்டியின் ஓரத்திலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டை எடுத்துப் போடுவார். பாக்ஸின் முகத்துணி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். துணி அதிர்ந்தால் தலையாட்டிவிட்டு ரெக்கார்டை எடுத்துவிடுவார். அதற்கு செட்டு டெஸ்ட் என்று பெயர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு டெஸ்ட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எதிர்வீட்டுக் கல்யாணம். நான் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் வந்துகொண்டிருந்தேன். பாக்ஸிலிருந்து ஓர் ஆணின் குரல் எழுந்தது. இங்கிலீஷ் பாட்டு. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து கனமாக வந்தது. அழுதுவிட்டுப் பேசுகிறவர்கள் குரலில் ஒரு தடிப்பு இருக்குமே, அது அதில் இருந்தது. யாரையோ போகாதே என்று கெஞ்சுகிறார் என்று எனக்குப் பட்டது. குடத்தை இடுப்பிலிருந்து இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அதற்குள் செட்டுக்காரர் ரெக்கார்டை எடுத்துவிட்டார், பிள்ளையார் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்குப் பிள்ளையார்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அப்போது வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பட்டறையில் காயில் சுற்றுவது. பகலெல்லாம் இரைச்சல். மெஷின் நின்ற பிறகும் காதுக்குள் அது நிற்காது. அந்தக் குரலைக் கேட்ட மறுநாள் இரைச்சலுக்கு அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. சாயந்திரம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே செட்டுக்காரர் கடைக்குப் போனேன். அந்த ரெக்கார்டு எனக்கு வேண்டும் என்றேன்.

அவர் சிரித்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர், நெற்றியில் எப்போதும் குங்குமம், காதில் எப்போதும் ஒரு டெஸ்டர். "அது ராசியான பிளேட்டும்மா. அத்த போட்டு ஆரம்பிச்ச பங்சன்ல ஒரு தபா கூட ஃபியூஸ் போனதில்ல. இன்னா குட்த்தாலும் தர மாட்டேன்" என்றார்.

பாடுகிறவர் பேரையாவது படித்துக்கொள்கிறேன் என்றேன். தூரத்திலிருந்தே தூக்கிக் காட்டினார். நடு லேபிளில் பச்சை எனாமல் பெயின்டால் அவர் கடையின் எழுத்துகள் பட்டையாகப் பூசப்பட்டிருந்தன. திருப்பிக் காட்டினார், அந்தப் பக்கமும் அதே பெயின்டில் அவர் போட்ட வரிசை எண். விசேஷத்தில் யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க எல்லா செட்டுக்காரர்களும் செய்கிற வேலை அது. பெயின்டுக்கு வெளியே லேபிளின் மஞ்சள் ஓரம் மட்டும் தெரிந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்குத் தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டார்.

சரி, அவர் தராவிட்டால் போகட்டும், அந்தப் பாடகரை நானே கண்டுபிடிக்கிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நான் பிடித்தால் விடமாட்டேன். என் அம்மா இதை ஒரு வியாதியின் பேரைச் சொல்வது போலத்தான் சொல்வாள்.

முதலில் ஒரு பழைய பிளேயர் வாங்கினேன். பெட்டி மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகலாம், மூடியிலேயே ஸ்பீக்கர். பிறகு ரெக்கார்டு தேடக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரல் பக்கத்துப் பழைய சாமான் கடைகள். அங்கே ஒரு பெண் உட்கார்ந்து இங்கிலீஷ் ரெக்கார்டு புரட்டினால் கடைக்காரர்களுக்கு வேடிக்கை. வீட்டுக்காரருக்கா, தம்பிக்கா என்பார்கள். எனக்கு என்று சொன்னால் ஒரு தடவை மேலும் கீழும் பார்ப்பார்கள். அந்த மாதிரிப் பாட்டுக்கு ஸோல் என்று பெயர் இருப்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். பாடுகிறவர்கள் அமெரிக்காவின் கறுப்பு ஜனங்கள் என்றும், பெரிய பேர் உள்ளவர்களின் ரெக்கார்டுக்கு எப்போதும் கிராக்கி என்றும், ஒன்றோ இரண்டோ பாடிவிட்டுக் காணாமல் போனவர்களின் ரெக்கார்டு குப்பையில் கிடக்கும் என்றும் மெல்லத் தெரிந்தது. என் ஆள் பெரிய பேர்க்காரர்களில் இல்லை. அத்தனை பேரையும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அப்படியானால் அவர் குப்பையில்தான் இருக்க வேண்டும்.

அந்தக் குப்பை குமணன்சாவடியில் இருந்தது. மெயின் ரோட்டுக்குச் சற்று உள்ளே ஒரு காயலான் கடை. கடையைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. கடை மூலையில் ஒரு பெரிய டிரங்குப் பெட்டி நிறைய சின்ன ரெக்கார்டுகள். காசு போட்டால் பாடும் பெட்டிகள் ரெண்டு வைத்திருந்த ஏதோ ஓட்டல் மூடியபோது வந்து சேர்ந்ததாம். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்று வேண்டுமல்லவா, அதனால் எல்லா ரெக்கார்டும் ரெண்டு ரெண்டு. நடுவில் கட்டைவிரல் நுழைகிற பெரிய ஓட்டை. பெட்டியைத் திறந்து புரட்டினேன். அத்தனையும் ஸோல், அத்தனையும் கேட்டறியாத பேர்கள்.

கொடுமை என்னவென்றால் அக்கா அதை ரெக்கார்டாக விற்கவில்லை. அண்டாவில் வெந்நீர் கொதிக்கும். ரெக்கார்டை முக்கி எடுத்து, இளகியதும் ஒரு சொம்பின் அடியில் கவிழ்த்து அழுத்தினால் விளிம்பு நெளிந்த கிண்ணமாகிவிடும். நடு ஓட்டையில் தண்ணீர் வடிந்துவிடுவதால் சோப்பு கரையாது. சுற்று வட்டாரத்தில் பாதி அடிபம்புகளின் பக்கத்தில் அக்காவின் சோப்புக் கிண்ணம் இருந்தது. பாட்டைப் போய் வேகவைக்கிறீர்களே என்று நான் சண்டைக்குப் போனபோது அவர் நிதானமாகச் சொன்னார்.

"இத்த வெச்சி இன்னா பண்றது தங்கச்சி? சோப்பு வெச்சிக்கினாலாவது ஒதவும்."

எல்லாவற்றையும் வாங்கிவிட என்னால் முடியாது. கேட்டுப் பார்க்கவும் அங்கே பிளேயர் இல்லை. எனவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். நான் தேடுவது ஓர் ஆண் குரலை. லேபிளில் ஆண் பேர் இருந்தால் இந்தப் பக்கம், பெண் பேர் இருந்தால் அந்தப் பக்கம். என்னோடு படித்த சர்ச் வீட்டுப் பெண்களின் தயவில் எது எந்தப் பேர் என்று ஓரளவுக்குத் தெரியும். உட்கார்ந்து பிரித்தேன். இந்தப் பக்கத்துக் குவியல் என் பைக்கு வந்தது. அந்தப் பக்கத்துக் குவியல் அண்டாவுக்குப் போனது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமான விதி என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் நூம்பலில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்ந்தவள், பிறகு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்கும் வேலை. ஒரு பொருளைப் பார்த்தால் அது எதற்கு ஆகும் என்றுதான் முதலில் கேட்பாள். "ஊர்ல பொண்ணுங்க குந்துமணி தங்கம் சேக்குதுங்க. நீ ஓட்ட பிளேட்டு சேத்துகினு கீற" என்றாள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் கட்டிலுக்கு அடியில் என்ன பெட்டி என்று கேட்டது. சீர்சாமான் என்று அம்மா சமாளிப்பதற்குள் நான் ஒன்றை எடுத்துப் போட்டுக் காட்டிவிட்டேன். அவர்கள் காபியை முழுக்கக் குடிக்காமலே எழுந்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பின்னாளில் என்னைக் கட்டியவர் அதே பெட்டியைப் பார்த்துவிட்டு, இதை வைக்க அலமாரி வேண்டுமே என்று கேட்டவர்.

ஆண்டுகள் ஓடின. என் அலமாரி நிறைந்தது. யாரும் சீண்டாத பாடகர்கள், ஓரம் சில்லு பெயர்ந்த ரெக்கார்டுகள், கீறல் விழுந்த இடத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவர்கள். அவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே பிரியம் வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஊசி இறங்குகிற நொடியில் நெஞ்சு ஒரு தடவை அடித்துக்கொள்ளும். அவர்தானா? இல்லை. அவர் அளவுக்கு யாரும் அப்படி இழுத்துப் பாடவில்லை.

இதற்குள் காசெட் வந்து ரெக்கார்டை ஓரம் கட்டிவிட்டது. செட்டுக்காரர் தன் ரெக்கார்டுகளை மொத்தமாக விற்றார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். எல்லாம் போயிருந்தது, அந்த ஒன்றைத் தவிர. டெஸ்ட்டுக்கென்று பழைய பிளேயரையும் அந்த ஒரே ரெக்கார்டையும் வைத்துக்கொண்டிருந்தார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சாமி பாட்டுக்கு முன்னால் அந்தக் குரல் கொஞ்ச நேரம் தெருவில் நிற்கும், நானும் நிற்பேன். அவ்வளவுதான் எனக்கு வாய்த்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற நாள். அம்மன் கோவில் வாசலில் செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம் போலப் போய் நின்றேன். செட்டுக்காரருக்கு என்மேல் இரக்கம் வந்ததா, தொல்லை தாங்கவில்லையா, தெரியாது. இதே மாதிரி பாக்ஸை அதிர வைக்கிற வேறு ஒரு ரெக்கார்டு கொண்டுவந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். வாய் மூடுவதற்குள் நான் வீட்டுக்கு ஓடினேன். அலமாரியிலேயே கனத்த குரல் உள்ள ஆண் ஒருவரை எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு மனப்பாடமான பாட்டு.

அவர் அதைப் போட்டார். வந்தது என் பாட்டே இல்லை. சேற்றில் காலை இழுத்து நடப்பது போல ஒரு முனகல்.

"அண்ணே, ஸ்பீடு தப்பு" என்றேன்.

"தப்பு இல்லம்மா. டெஸ்ட்டுக்கு ஸ்லோவுலதான் உடணும். அப்பத்தான் கீழ் சவுண்டு வரும், பாக்ஸு அதிரும். அந்த பிளேட்டையும் அப்டித்தான உடறேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"மொத நாள்லேர்ந்துதான். அது பொம்பள பாட்டாச்சே. நேரா உட்டா பாக்ஸு எங்க அதிரப் போவுது?"

ஏன் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலியே" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. அவருக்கு அது பாட்டே இல்லை, பாக்ஸைத் தட்டிப் பார்க்கிற சுத்தியல்.

நேராகப் போடுங்கள் என்றேன். சாமி பாட்டுக்கு நேரமாகிறது என்றார். போடாமல் இங்கிருந்து நகரமாட்டேன் என்று பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கூழ்ப் பானை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவர் வேறு வழியில்லாமல் பிளேயரில் வேகத்தை மாற்றுகிற நெம்புகோலைத் தள்ளினார்.

ஒரு பெண் பாடினாள். கெஞ்சவில்லை. அழவில்லை. இழுவை என்று நான் உருகிய ஒவ்வொரு இடத்திலும் அவள் வெடுக்கென்று சொல்லை வெட்டினாள். யாரையும் போகாதே என்று சொல்லவில்லை, நான் கிளம்புகிறேன், வழியை விடு என்று சொன்னாள். குரலில் சிரிப்புகூட இருந்தது. அத்தனை காலம் நான் காதலித்த துக்கம் மோட்டாரின் வேகக் குறைவு. எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, பாட்டு பாதியில் இருக்கும்போதே, தாங்க முடியாத சந்தோஷம் வந்தது. இவள் அவரைவிட நன்றாகப் பாடினாள். ஆயிரம் மடங்கு நன்றாகப் பாடினாள்.

அந்த ரெக்கார்டு என் கைக்கு வந்தே ஆக வேண்டும் என்பது முன்பைவிட உறுதியாயிற்று. வீட்டில் அலமாரி முழுவதையும் ஸ்லோவில் ஓட்டிப் பார்த்தேன், பிளேயர் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, செட்டுக்காரர் செய்கிற மாதிரியே. எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அம்மா பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் அதிர்ந்தது ஒன்று. என்னிடம் இருந்ததிலேயே எனக்கு உயிரான ரெக்கார்டு அது, பேஸ் கிடார் பாடகரைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஒரு பகல் முழுக்க அதைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். பிறகு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

செட்டுக்காரர் பாக்ஸ் மேல் கை வைத்தார். பாக்ஸின் மேல் கிடந்த ஸ்க்ரூ ஒன்று தானாக நகர்ந்து விளிம்புக்குப் போய் விழுந்தது. தலையாட்டினார். தன் ரெக்கார்டையும், பெரிய ஓட்டைக்காக ரப்பர் செருப்பில் வெட்டி வைத்திருந்த அடைப்பையும் சேர்த்தே கொடுத்தார். பச்சை பெயின்ட் டப்பாவைத் திறந்தபோது மட்டும் நான் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டேன். பாடுகிறவர் பேர் மேல் ஒரு பொட்டு பெயின்ட்கூடப் படக்கூடாது, கடைப் பேரை ஓரமாக எழுதுங்கள் என்று சொல்லி, எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன்.

ஆனால் என் கையில் வந்தவளின் பேர் பெயின்டுக்கு அடியில்தான் இருந்தது. மண்ணெண்ணெய் தொட்டு ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்தேன். பெயின்டோடு லேபிள் காகிதமும் சேர்ந்து வந்தது. உடனே நிறுத்திவிட்டேன். லேபிளுக்கும் பாட்டு முடிகிற கோட்டுக்கும் நடுவே தட்டிலேயே கீறிய ஓர் எண் இருந்தது. அது மட்டும்தான் மிச்சம்.

எங்கே வாங்கினது என்று மறுபடியும் கேட்டேன். இப்போது தொழிலில் ரகசியம் எதுவும் பாக்கியில்லை. "குமணஞ்சாவடி காயலான் கடைல. ஓட்டல் பொட்டி ஒண்ணு வந்துச்சே, அதுலேர்ந்து எட்தேன்" என்றார்.

ஓட்டல் பெட்டி. எல்லாம் ரெண்டு ரெண்டு. அப்படியானால் இவளுடைய இன்னொரு ரெக்கார்டு, பேர் பளிச்சென்று தெரிகிற லேபிளோடு, என் கைக்கு வந்திருக்கிறது. பெண் பேர் என்று படித்து அந்தப் பக்கம் தள்ளியவளும் நானே. ஒரு பெண் ரெக்கார்டு வாங்குவதா என்று என்னைப் பார்த்துச் சிரித்த கடைக்காரர்களை அத்தனை வருஷம் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். அவர்களாவது என்னை வெந்நீரில் முக்கவில்லை.

உட்கார்ந்து நொந்துகொள்வதில் எனக்குப் பழக்கம் கிடையாது. ரெக்கார்டின் லேபிள் ஒட்டினது இல்லை, தட்டோடு சேர்த்து அழுத்தினது, வெந்நீரில் உரியாது. கிண்ணத்தின் உள்பக்கத்தை சோப்புத் தண்ணீர் தின்றிருக்கும். ஆனால் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கத்து லேபிள் இருக்கும். காயலான் கடை அக்காவிடம் போனேன். யார் யாருக்குக் கிண்ணம் விற்றார் என்று அவருக்கு நினைவில்லை, ஆனால் எந்தெந்தத் தெருவில் அதிகம் போனது என்று சொன்னார். ஞாயிறுதோறும் நான் கிளம்பினேன். குமணன்சாவடி, வேலப்பன்சாவடி, பூந்தமல்லிச் சந்துகள். கையில் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் சோப்பு டப்பாக்கள். கிண்ணத்தைத் திருப்பிப் பார்க்க விட்டால் ஒரு டப்பா இனாம். சோப்பு கம்பெனி ஆள் என்று நினைத்து எனக்கு மோர் கொடுத்தவர்கள் உண்டு. பிள்ளை பிடிக்கிறவள் என்று துரத்தியவர்களும் உண்டு.

நான் தள்ளிவிட்ட பெண்கள் ஒவ்வொரு பம்படியிலும் இருந்தார்கள். மஞ்சள் தூளும் சவுக்காரமும் படிந்த அடியில் அவர்கள் பேரை நகத்தால் சுரண்டிப் படித்தேன். எவள் குரலையும் இனி யாரும் கேட்க முடியாது. அந்த வெயிலில் எனக்கு அழுகை வந்த நாட்கள் உண்டு. அழுதுகொண்டே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

நான் தேடியவள் நூம்பலில் இருந்தாள். என் அம்மா ஒரு காலத்தில் நாற்று நட்ட வயல் மனைகளாகப் பிரிந்து, புதிதாக எழும்பிய ஒரு வீட்டின் கொல்லையில், அடிபம்பு மேடையில், ஒரு சிவப்பு சோப்பைச் சுமந்துகொண்டு. திருப்பினேன். மஞ்சள் லேபிள். முந்தானையால் துடைத்தேன். தட்டில் கீறிய எண் தெரிந்தது, மனப்பாடமான எண். அதற்கு மேலே அவள் பேர். வாய்விட்டுப் படித்தேன்.

அந்த வீட்டம்மா துணியைப் பிழிந்தபடி, "யாரு அது, உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார்.

ரொம்ப வருஷமாகத் தெரியும், இப்போதுதான் பேர் தெரிந்தது என்றேன்.

அந்தக் கிண்ணம் இப்போது என் அலமாரியில், பெயின்ட் பூசிய ரெக்கார்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் பிறகு என் அலமாரியில் ஆண் பக்கம், பெண் பக்கம் என்று எதுவும் கிடையாது. கையில் கிடைத்ததை முதலில் போட்டுக் கேட்பேன், பிறகுதான் லேபிளைப் பார்ப்பேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அதே சட்டம். பாடுவது யார் என்று ஊசி இறங்குவதற்கு முன்னாலேயே கேட்கிறார்கள். சொல்லமாட்டேன், இங்கேயும் எழுதமாட்டேன். உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, அவளை அவளுடைய வேகத்திலேயே பாட விடுகிறேன். முழுக்கக் கேட்டவர்களுக்கு மட்டும் சோப்புக் கிண்ணத்தைத் திருப்பிக் காட்டுகிறேன்.